எங்கள் காலனியின் சராசரி வலி

எங்கள் காலனியின் சராசரி திருமண நிலை இரண்டே கால். இதைக் கண்டுபிடித்தது நான்தான்.

படிவத்தில் கல்யாணம் ஆகாதவர் என்றால் 1, ஆனவர் 2, துணையை இழந்தவர் 3, பிரிந்து வாழ்பவர் 4 என்று எண் கொடுத்திருந்தோம். முன்னூறு வீட்டுத் தகவலையும் கணினியில் ஏற்றிவிட்டு, எல்லாவற்றுக்கும் சராசரி போடு என்றேன். அது ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல் போட்டுக் கொடுத்தது. அதன்படி எங்கள் காலனியின் சராசரி மனிதர் கல்யாணம் முடித்து, துணையை இழக்கும் பாதையில் கால்வாசி தூரம் வந்துவிட்டவர். நான் அந்தப் படிவத்தில் 4. காலனியின் சராசரியைக் கொஞ்சம் தூக்கிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

புதுப்பட்டினத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் தகவல் பதிவு வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வேதியியல் படித்தவளுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்றால், வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை. எனக்கு மேலே இருந்தவர் பிசியோதெரபி டாக்டரம்மா. தென்மாவட்டத்துக்காரர், கணவருக்கு அணுமின் நிலையத்தில் வேலை, நிலையத்துக் குவார்ட்டர்ஸில் வீடு. யாரையும் ஒருமையில் பேசமாட்டார். நான் கொண்டுபோய் நீட்டிய தாளில் இரண்டே காலைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, "நீங்க ஒரு ரெண்டு நாள் டிரெய்னிங் போயிட்டு வந்துடுங்க" என்றார்.

பயிற்சி நாவலூரில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில். குளிர் தாங்காமல் துப்பட்டாவைக் காது வரை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்களில் வகைகள் உண்டு என்றார்கள். பெயர் வகை, வரிசை வகை, இடைவெளி வகை, விகித வகை. போதாததற்குத் தனித்த எண், தொடர் எண் என்று இன்னும் இரண்டு. உதாரணங்கள் எல்லாம் ஐஸ்கிரீம் சுவையிலும் ஏதோ ஊர் வெப்பநிலையிலும் இருந்தன. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஒரு மண்ணும் விளங்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நைனாவைப் பார்க்கப் போனேன். என் அப்பா அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. ஒரு வாரம் பகல் டியூட்டி, ஒரு வாரம் ராத்திரி டியூட்டி. காலனியிலிருந்து மாமல்லபுரம் போய் பஸ் மாறித் தினமும் போய்வருவார். வயது ஐம்பத்தொன்பது. கம்பெனித் தாளில் ஐம்பத்து நான்கு. அந்த வாரம் பகல் டியூட்டி. கேட் ஓரத்து அறையில் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீர் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா சொல்லிக் குடுத்தாங்கோ?"

"நம்பர்ல நாலு வகை கீதாம் நைனா."

"நம்பர்ல இன்னா வகை? ஒண்ணு, ரெண்டு, மூணு. முடிஞ்சி போச்சி."

மேசையில் அவருடைய கேட் ரிஜிஸ்டர் திறந்து கிடந்தது. வண்டி எண், வந்த நேரம், எந்த வீடு, எத்தனை பேர், தண்ணீர் லாரி என்றால் எவ்வளவு தண்ணீர். அழகான கையெழுத்து அவருக்கு. எட்டாவது வரைதான் படித்தார் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நான் வண்டி எண் வரிசையில் விரலை வைத்து, இதையெல்லாம் கூட்டிச் சராசரி போட்டால் என்ன வரும் என்று கேட்டேன்.

"இன்னா வரும்? எந்த வண்டியும் வராது. அது இன்னா வண்டின்னு தெரிஞ்சிக்கத்தாம்மா நம்பரு. அத்தப் போய் கூட்டி இன்னா பண்ணப் போற?"

பெயர் வகை என்பது இதுதான். கல்யாணத்துக்கு நான் கொடுத்த 1, 2, 3, 4 இதே சாதி. ஆறாவது மாடியில் ஒரு மணி நேரம் சொன்னதை நைனா தயிர்சாதம் பிசைந்துகொண்டே முடித்துவிட்டார். எனக்கு ஆசை வந்துவிட்டது. நேரத்தைக் காட்டினேன். நாலு மணி என்பது ரெண்டு மணியைப்போல இரண்டு மடங்கா என்று கேட்டேன்.

"நாலு மணிக்கி டீ வரும். ரெண்டு மணிக்கி வராது. அவ்ளோதான் வித்தியாசம்."

இடைவெளி வகை. இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இருக்கிறது, அதை அளக்கலாம். ஆனால் நாலு மணி இரண்டு மணியின் இரு மடங்கு இல்லை. கடிகாரத்தில் பூஜ்யம் என்றால் நேரமே இல்லை என்று அர்த்தமில்லையே. அப்புறம் தண்ணீர் லாரிக்கு வந்தோம். காலையிலிருந்து ஐந்து லாரி வந்திருந்தது.

"அஞ்சர லாரி வருமா நைனா?"

"அர லாரி எப்டிம்மா ரோட்டுல ஓடும்? ஆனா லாரிக்குள்ள தண்ணி அர வரும், முக்கா வரும், அவனுக்கு மனசாட்சி எவ்ளோ கீதோ அவ்ளோ வரும். அதுக்குத்தான் குச்சி வுட்டுப் பாக்கறது."

லாரியை எண்ண வேண்டும், தண்ணீரை அளக்க வேண்டும். தனித்த எண், தொடர் எண். லாரி காலியாக வந்தால் பூஜ்யம் நிஜமாகவே பூஜ்யம், அதனால் பாதித் தண்ணீரைப்போல முழுத் தண்ணீர் இரு மடங்கு என்று தைரியமாகச் சொல்லலாம். அது விகித வகை. நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். மிச்சமிருந்தது வரிசை வகை. அதற்கு ரிஜிஸ்டரில் உதாரணம் இல்லை. நைனா செல்போனை எடுத்து நீட்டினார்.

குடியிருப்பவர்கள் மாதா மாதம் செக்யூரிட்டி ஆட்களுக்கு ஸ்டார் போடுவார்கள். ஐந்துக்கு எத்தனை என்று. நைனாவுக்கு அந்த மாதம் மூன்று புள்ளி எட்டு.

"சி பிளாக்குல ஒரு அம்மா கீது. அது யாருக்கும் மூணுக்கு மேல குடுக்காது. மூணு குடுத்தா நம்ம மேல பாசமா கீதுன்னு அர்த்தம். ஏ பிளாக்கு சாரு எல்லார்க்கும் அஞ்சு. அவுரு நாலு குடுத்தா, கேட்டு தொறக்க லேட்டு பண்ணிட்டேன்னு கோவமா கீறாருன்னு அர்த்தம். அந்தம்மா மூணு, இவுரு நாலு. எது பெருசு சொல்லு பாப்போம்?"

"அந்தம்மா மூணு."

"கம்பெனிக்காரன் எல்லாத்தையும் கூட்டி வகுத்து, உனுக்கு மூணு புள்ளி எட்டுன்றான். மூணு புள்ளி எட்டு எவன் குடுத்தான்? ஒருத்தனும் குடுக்கல."

வயிறு வலிக்கச் சிரித்தேன். 'வரிசை வகை: நைனா ஸ்டார்' என்று எழுதி அடிக்கோடிட்டேன். ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று சொல்லலாம், எவ்வளவு மேல் என்று சொல்ல முடியாது, ஒருவர் கொடுத்த எண்ணும் அடுத்தவர் கொடுத்த எண்ணும் ஒன்றில்லை. பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நைனா வலது முழங்காலை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பார்த்தேன். சில ஆண்கள் மீசையை முறுக்குவார்கள், இவர் முழங்காலைத் தேய்க்கிறார் என்று விட்டுவிட்டேன். மறுநாள் அவர்கள் வைத்த சின்னப் பரீட்சையில் எனக்கு இருபதுக்கு இருபது.

திரும்பி வந்ததும் பெரிய வேலை காத்திருந்தது. மருத்துவமனைக்கு ஒரு வேன் கிடைத்திருந்தது. உள்ளே பிசியோதெரபி செய்யும் படுக்கை, கருவிகள், எல்லாம் உண்டு. டிரைவரும் டாக்டரம்மாவும் கிடைப்பது வாரத்தில் செவ்வாய் ஒரு நாள்தான். ஆகவே ஒரு வருஷத்துக்கு ஒரே ஓர் இடம். சதுரங்கப்பட்டினத்து மீனவர் தெரு, புதுப்பட்டினம் கடைவீதி, குவார்ட்டர்ஸ், எங்கள் காலனி, இந்த நான்கில் எங்கே வலி அதிகமோ அங்கே வேன் போகும். மூட்டு, இடுப்பு, முதுகு என்று இருப்பவர்களுக்கு வாசலிலேயே வைத்தியம். நம்மால் நடக்க முடியாது, வேன் நடந்து வரும். அதற்காகத்தான் வலிக்கு எண் கேட்டோம். கடந்த ஒரு மாதத்தில் உடம்பு வலி எவ்வளவு? வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10.

குவார்ட்டர்ஸில் எல்லோரும் உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். ஒரு பொறியாளர் கழுத்தை இடமும் வலமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆறரைன்னு போட்டுக்கோங்க" என்றார். கட்டத்தில் முழு எண்தான் விழும் என்றேன். அப்படியென்றால் ஆறு போட்டு, அடிக்குறிப்பு எழுதச் சொன்னார். கடைவீதியில் ஒரு பெண்மணி, "எட்டு போடு. ஒம்போது போட்டா ஊசி குத்திருவாங்கோ" என்றார். சதுரங்கப்பட்டினத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "கடல்ல கீறப்பவா, கரைல கீறப்பவா?" என்று கேட்டார். கேள்வியில் அது இல்லை என்றேன். "அப்ப கேள்வி சரியில்ல" என்று சொல்லிவிட்டு நாலு என்றார்.

எங்கள் காலனி சுலபமாக முடிந்தது. எல்லோரும் தெரிந்தவர்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பேனாவை எடுத்தேன், கேட்டேன், ரெண்டு என்றார்கள். அடுத்த வீடு, ரெண்டு. அதற்கடுத்த வீட்டில் ஒன்று என்றார்கள், யோசித்துவிட்டு ரெண்டாக்கினார்கள். கடைசியாக எங்கள் வீடு. நைனா வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடியே, பலகையில் செருகிய தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டேன். "பத்துக்கு எவ்ளோ நைனா?"

"ரெண்டு" என்றார். எழுதிக்கொண்டேன்.

கணினி நான்கு இடத்துக்கும் சராசரி போட்டது. குவார்ட்டர்ஸ் ஆறுக்கு மேலே, கடைவீதி அதற்குக் கொஞ்சம் கீழே, மீனவர் தெரு நாலு, எங்கள் காலனி இரண்டைத் தாண்டவில்லை. இந்தத் தடவை டாக்டரம்மா சிரிக்கவில்லை. சராசரி திருமண நிலைதான் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், சராசரி வலி என்றால் யாருக்கும் உறுத்தாது. நான் வேறு பெருமையடித்துக்கொண்டேன். "எங்க ஆளுங்க எல்லாம் வயல்ல வேல பாத்த உடம்பு மேடம். அவ்வளவு சீக்கிரம் நோவாது" என்றேன். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. இப்போது நினைத்தாலும் என்னை நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா பட்டியலில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டும், அடுத்த செவ்வாயிலிருந்து வேன் குவார்ட்டர்ஸுக்குப் போகும் என்று முடிவாயிற்று. புதன்கிழமை காலை வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காலனியில் யாருக்கும் பெரிதாக வலி இல்லை, அதனால் வேன் வராது, சந்தோஷம்தானே என்றேன்.

"யாருக்கு வலி இல்ல?"

"நைனாவே ரெண்டுன்னுச்சி."

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். "அந்தாளு பஸ் ஸ்டாப்புலேந்து வூட்டுக்கு வர்றதுக்குள்ள எத்தினி எடத்துல குந்துதுன்னு போய்ப் பாருடி. ஊரு பூரா நோட்டு தூக்கிகினு சுத்துற, வூட்டுல கீறவன் காலைப் பாக்க மாட்டியா?"

அந்த வாரம் நைனாவுக்கு ராத்திரி டியூட்டி. வேலை முடிந்து காலை ஒன்பது மணி பஸ்ஸில் வருவார். நான் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மருந்துக்கடை நிழலில் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து எங்கள் வீடு எனக்கு ஆறு நிமிடம்.

நைனா பஸ்ஸிலிருந்து இடது காலை முதலில் வைத்து இறங்கினார். கம்பியை விட மனமில்லாமல் விட்டார். நேராகத்தான் நடந்தார், நொண்டவெல்லாம் இல்லை. சிறுபாலத்துக் கட்டைச்சுவர் வந்ததும் அதில் உட்கார்ந்து செல்போனை எடுத்துப் பார்த்தார். அவர் போனில் பார்க்க ஒன்றும் கிடையாது, நெட் கார்டு தீர்ந்து நாலு நாள் ஆகிறது. எழுந்து நடந்தார், நான் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் நடந்தேன். டிபன் கடை மூடியிருந்தது, அதன் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினார். செருப்பில் மணல் இல்லை. மாதா கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். தண்ணீர்த் தொட்டி மேடையில் நாலாவது தடவை. அங்கே ஒரு காரணமும் மிச்சமில்லை போலிருக்கிறது, சும்மா உட்கார்ந்திருந்தார். தெருவில் யார் போனாலும் வணக்கம் சொன்னார். யார் பார்த்தாலும் ஓய்வாக ஊர் பார்க்கிற மனுஷன் என்றுதான் நினைப்பார்கள். பதினேழு நிமிடம் ஆயிற்று.

நான் தொட்டி மேடைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் திடுக்கிட்டு எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் விடவில்லை.

"ஏன் நைனா ரெண்டுன்னு சொன்ன?"

"நீ கேட்ட, சொன்னேன்."

"நான் உன் பொண்ணு நைனா."

"பேனா புடிச்சிகினு இல்ல நின்ன?"

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல், தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நடவுக்கு ஆள் எடுக்க சொல்லோ மேஸ்திரி நோட்ட வச்சிகினு கேப்பான், ஒடம்பு எப்டி கீதுன்னு. இடுப்பு நோவுதுன்னு எவனாச்சும் சொன்னா, அவன் பேரு மேல ஒரு கோடு. மறுநாளு வேல கெடயாது. அப்பால கட்டட வேலைக்கிப் போனேன், அங்கியும் ஒரு நோட்டு. இப்ப செக்யூரிட்டி கம்பெனி. வருசா வருசம் ஒரு ஃபாரம் எடுத்துகினு வர்றான், மூட்டு வலி கீதா, நிக்க முடிதான்னு. எவன் பேனா புடிச்சிகினு வந்து கேட்டாலும் ரெண்டுதான்."

"பூஜ்யம்னு சொல்றதுதான?"

"பூஜ்யம்னா பொய்யின்னு கண்டுபுடிச்சிடுவான். ரெண்டுன்னா நம்புவான்."

சொல்லிவிட்டு, இது ஒரு விஷயமா என்பதுபோல என்னைப் பார்த்தார். காலனியில் நான் ஏறி இறங்கிய அத்தனை வீட்டிலும் அதே மேஸ்திரியைப் பார்த்தவர்கள்தான். அவர்கள் வலியைச் சொல்லவில்லை, வேலைக்குத் தகுதி என்று சொன்னார்கள். நான் அதைக் கூட்டி, வகுத்து, எங்கள் ஆட்கள் கெட்டி என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். சி பிளாக் அம்மாவின் மூன்றுக்குச் சிரிக்கத் தெரிந்த எனக்கு என் அப்பாவின் இரண்டு தெரியவில்லை. இருபதுக்கு இருபது வாங்கியவள் நான்.

"இப்ப நெஜமா சொல்லு. எவ்ளோ?" என்றேன்.

"வூட்டுக்குப் போய் நாஸ்தா துன்னலாம் வா" என்று எழுந்துவிட்டார். இந்தத் தடவை என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தக் கனம் இன்னும் என் தோளில் இருக்கிறது.

அன்று மதியமே டாக்டரம்மாவிடம் போனேன். சராசரி தப்பு மேடம் என்றேன்.

"நானே செக் பண்ணினேனே. கணக்கு சரியாத்தான் இருக்கு."

"கணக்கு சரிதான் மேடம். கணக்குப் போட்டதுதான் தப்பு."

நைனாவின் ஸ்டார் கதையைச் சொன்னேன். தொட்டி மேடைக் கதையையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "கோபப்படாதீங்க, கேட்டுத்தான் ஆகணும். உங்க காலனிக்கு வண்டி வரணும்னுதானே இதைச் சொல்றீங்க?" என்றார்.

"ஆமா மேடம்" என்றேன். இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு ரெண்டுதான்.

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருக்க வேண்டும். ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து கேள்வியை மாற்றினோம். வலி எவ்வளவு என்று யாரையும் கேட்கப்போவதில்லை. தரையில் குந்தி, எதையும் பிடிக்காமல் எழுந்திருக்க முடிகிறதா? ஆம், இல்லை. இதைக் கூட்ட வேண்டியதில்லை, எத்தனை பேர் என்று எண்ணினால் போதும். பஸ் ஸ்டாப்பிலிருந்தோ கடையிலிருந்தோ வீட்டுக்கு வருவதற்குள் எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள், உட்காருகிறீர்கள்? தனித்த எண், நைனாவின் தண்ணீர் லாரி மாதிரி. அந்தத் தூரத்துக்கு எத்தனை நிமிடம்? இது லாரிக்குள் இருக்கும் தண்ணீர். உங்கள் நிமிடமும் என் நிமிடமும் ஒன்றேதான், அதில் பாசமும் கோபமும் கிடையாது.

"உங்க காலனிக்கு நான் போறேன். நீங்க குவார்ட்டர்ஸுக்குப் போங்க. இடத்துக்கு முப்பது வீடு சீட்டுப் போட்டு எடுத்துக்கலாம், மத்த ரெண்டு இடத்துக்கும் நர்ஸுங்க போவாங்க. அப்பத்தான் நாளைக்கு யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார் டாக்டரம்மா.

"சரி மேடம். ஒரே ஒரு விஷயம். பேனா எடுத்துட்டுப் போகாதீங்க."

வியாழக்கிழமை முழுதும் அவர் எங்கள் காலனியில் இருந்தார். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன ஒவ்வொரு வீட்டிலும் தின்பண்டம் ஏதாவது வாங்கித் தின்றுகொண்டு தரையில் அவர்களோடு உட்கார்ந்தாராம். பிறகு, "வாங்க, எழுந்திருப்போம்" என்பாராம். யார் சுவரைப் பிடிக்கிறார்கள், யார் பக்கத்து ஆளின் கையைப் பிடிக்கிறார்கள் என்று பார்ப்பாராம். நாலைந்து வீடு முடிந்ததும் மாதா கோயில் பின்பக்கம் போய், பைக்குள்ளிருந்து தாளை எடுத்து எழுதிக்கொள்வாராம். "டாக்டரம்மாவுக்கு இன்னாடி ஆச்சி, அடிக்கடி கோயிலுக்குப் பின்னால போவுது?" என்று அம்மா கேட்டாள்.

குவார்ட்டர்ஸில் நான் ஆறரை பொறியாளரிடம் மறுபடி போனேன். குந்தினார், எழுந்தார், சிரமமில்லை. ஆனால் கழுத்தை நிஜமாகவே ஒரு பக்கம் திருப்ப முடியவில்லை. அவருடைய ஆறரையும் பொய் இல்லை, அவருடைய ஆறரை அது. மருத்துவமனைக்கே வரச் சொல்லி நாள் குறித்துக் கொடுத்தேன். அவரிடம் கார் இருந்தது.

வெள்ளிக்கிழமை சராசரி எதுவும் போடவில்லை. தாள்களை நாலு கட்டாகப் பிரித்து, பிடிக்காமல் எழ முடியாதவர்களை எண்ணினோம். எங்கள் காலனிக் கட்டை எண்ணி முடித்ததும் டாக்டரம்மா மறுபடி ஒருமுறை எண்ணினார். அப்புறம் பழைய பட்டியலைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, புதுத் தாளில் காலனி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை வேன் வந்து தொட்டி மேடைக்குப் பக்கத்தில் நின்றது. நைனாவுக்கு அன்று வார விடுமுறை. அம்மா அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கூட்டிவந்தாள். தெரிந்த முகங்கள் எல்லாம் வரிசையில் நின்றன. நான் படுக்கைக்குப் பக்கத்து ஸ்டூலில் பலகையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். வேனோடு வந்த படிவத்தில் எங்களைக் கேட்காமல் யாரோ அச்சடித்த பழைய கட்டம் ஒன்று இருந்தது. வலி, பத்துக்கு எவ்வளவு. நிரப்பாமல் விட்டால் படிவம் செல்லாது.

நைனா படுக்கையில் உட்கார்ந்து வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றினார். வலது முழங்கால் இடதைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது. முப்பத்திரண்டு வருஷமாக அந்த மனுஷனோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், நடுவில் மூன்று வருஷம் கல்யாணத்துக்குப் போய்வந்தது தவிர. அந்தக் காலை நான் பார்த்ததே இல்லை.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்து, மடக்கிப் பார்த்து, நிமிர்ந்தார். "ஐயா, இந்த ஃபாரத்துக்காகக் கேக்கிறேன். பத்துக்கு எவ்வளவு சொல்வீங்க?"

நைனா அவரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். நான் பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன். பலகையைக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் வெறுமனே மடியில் வைத்துக்கொண்டேன்.

"எட்டு" என்றார் நைனா.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. நைனா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தப்பாக எதையோ சொல்லிவிட்டவர்போல அவசர அவசரமாக வேட்டியை இறக்கினார்.

"ஆனா டியூட்டிக்கி ஒண்ணும் கொறையில்ல. அத்தயும் எய்திக்கோ."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பேனாவை எடுத்து 8 என்று போட்டு, பக்கத்தில் ஓரத்தில் அதையும் எழுதினேன்.